எழுதிக் கையெழுத்துப் போட்ட சமரசம் கோர்ட்டில் எவ்வளவு தூரம் நிற்கும்?

கேள்வி இதுதான். கைமாற்றாகக் கொடுத்த பணம் வட்டியோடு சேர்ந்து 18 லட்சம் ஆகிவிட்டது. புரோ நோட்டின் பேரில் சார்பு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. இடையில் பெரியவர்கள் பேசி 12 லட்சத்துக்கு முடித்துவைத்தார்கள். மாதம் 2 லட்சம் வீதம் 6 தவணை. முத்திரைத்தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று. 4 லட்சம் வந்தது, மூன்றாம் தவணை முதல் நின்றுவிட்டது. கேட்டால், "அது வெறும் பேப்பர், கேஸை நடத்திக்கோ" என்கிறார் எதிர்த்தரப்பு. அந்தப் பேப்பர் செல்லுமா? இனி கேட்க வேண்டியது 12 லட்சமா, 18 லட்சமா?

பேப்பர் செல்லும். ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஜப்திக்குப் போக முடியாது. சமரசம் கையெழுத்தான நிமிடத்தில் அது ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். அமீனாவை (ஜப்தி செய்யும் கோர்ட்டு ஊழியரை) அனுப்ப டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை வேண்டும், அல்லது டிகிரிக்குச் சமம் என்று சட்டமே சொல்லும் ஏதாவது ஒன்று வேண்டும். ஒப்பந்தத்தை டிகிரியாக்கும் வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சண்டை முடிந்த நிம்மதியில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் ஒப்பந்தம் என்ற அளவில் பார்ப்போம். 18 லட்சம் பாக்கி இருக்கும்போது 12 லட்சத்தை முழுத் தீர்வாக ஏற்பதாகச் சொன்னால் அது கட்டுப்படுத்துமா என்பது இங்கிலாந்தில் பெரிய தகராறு. 1602-ன் பின்னெல் வழக்கும் 1884-ன் ஃபோக்ஸ் எதிர் பீர் வழக்கும், குறைந்த தொகையைக் கொடுப்பது முழுக் கடனையும் தீர்க்காது என்று சொல்லிவிட்டன. நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 63, கடன் கொடுத்தவர் முழுவதையோ ஒரு பகுதியையோ விட்டுக்கொடுக்கலாம், அதற்குத் தனியாகப் பிரதிபலன் (பதிலுக்குக் கிடைக்கும் ஏதாவது ஒன்று) தேவையில்லை என்கிறது. 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாயை முழுத் தீர்வாக ஏற்றால் கடன் தீர்ந்தது என்று உதாரணமே கொடுத்திருக்கிறது. ஆகவே "பாதிப் பணத்துக்கு எழுதிக்கொடுத்தது செல்லாது" என்ற வாதம் இந்தியாவில் எடுபடாது. பிரதிபலன் இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், நல்லெண்ணத்தோடு போட்ட வழக்கைக் கைவிடுவதே போதுமான பிரதிபலன்தான். வழக்கு பின்னால் தோற்றிருக்கும் என்று தெரியவந்தால்கூட சமரசம் கெடாது. கடனே இல்லை என்று தெரிந்துகொண்டே பொய் வழக்குப் போட்டு மிரட்டி வாங்கிய சமரசம் மட்டும் வேறு கதை.

உங்கள் வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பது நல்ல செய்தி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 23 ரூல் 3 இதற்கென்றே இருக்கிறது. வழக்கு முழுவதுமாகவோ பகுதியாகவோ சட்டபூர்வமான, எழுத்தில் உள்ள, தரப்பினர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் தீர்ந்துவிட்டது என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்டால், அதைப் பதிவுசெய்து அதன்படி டிகிரி கொடுக்க வேண்டும். 1976 திருத்தத்துக்குப் பிறகு எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம். நீதிபதி முன்னால் வாயால் ஒப்புக்கொண்டது போதாது என்று குர்ப்ரீத் சிங் எதிர் சதுர் பூஜ் கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் எழுத்தும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: எதிர்த்தரப்பு இப்போது மறுத்தாலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஒருவர் சமரசம் ஆனது என்கிறார், மற்றவர் ஆகவில்லை என்கிறார் என்றால் அந்தக் கேள்வியை அந்த நீதிமன்றமே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்று அதே ரூலின் புரொவைசோ (கூடவே சேர்த்திருக்கும் நிபந்தனை வாசகம்) சொல்கிறது. அதற்காக வாய்தா கொடுக்கக் கூடாது, கொடுத்தால் காரணத்தை எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. செய்ய வேண்டியது: அதே வழக்கில் ஒரு ஐ.ஏ. (இடைக்கால) மனு, ஆதரவாக பிரமாணப் பத்திரம், அசல் ஒப்பந்தம், 4 லட்சம் வந்ததற்கான வங்கிக் கணக்கு விவரம். இரண்டு தவணை ஒப்பந்தப்படி அதே தேதிகளில் வந்திருந்தால் "வெறும் பேப்பர்" என்ற பேச்சு அங்கேயே செத்துவிடும். கையெழுத்தை மறுத்தால் சாட்சிகளைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்கள் நாளைக்கு வந்து நிற்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை இருந்தால் ஆளை அடையாளம் காட்ட உதவும். அதற்கு மேல் அந்த முத்திரைக்குத் தனி வலிமை எதுவும் கிடையாது.

இன்னொரு பக்கம், அதிகம் பேர் கெட்டுப்போவது இப்படித்தான்: சமரசம் ஆனதும் வாதி ஒரு மெமோ கொடுப்பார், "வெளியே பேசி முடித்துக்கொண்டோம், வழக்கை நடத்தவில்லை" என்று. நீதிமன்றம் "நடத்தப்படாததால் தள்ளுபடி" என்று இரண்டு வரியில் முடித்துவிடும். அந்த உத்தரவில் தொகையும் இல்லை, தவணையும் இல்லை. மூன்றாம் தவணை நின்றால் நிறைவேற்ற எதுவுமே இல்லை. ஒப்பந்தத்தின் பேரில் புதிதாக வழக்குப் போட வேண்டும், புதிதாகக் கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 3 வருடத்துக்குள். உங்கள் வக்கீல் அப்படி ஒரு மெமோவைத் தயார் செய்து வைத்திருந்தால் கொடுக்க விடாதீர்கள். சமரச மெமோவின் நகலை உத்தரவோடு சேர்த்து, "மெமோ டிகிரியின் பகுதியாகும்" என்ற வரியோடு டிகிரி வாங்க வேண்டும்.

இப்போது 12-ஆ 18-ஆ என்ற கேள்வி. விடை உங்கள் பேப்பரில் எழுதியிருக்கும் வாக்கியத்தில்தான் இருக்கிறது. இரண்டு மாதிரி எழுதலாம். ஒன்று, "இந்த ஒப்பந்தத்தோடு பழைய கடனும் புரோ நோட்டும் முடிந்துவிட்டன, இனி 12 லட்சம் மட்டுமே பாக்கி." இது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 62 சொல்லும் மாற்று ஒப்பந்தம். பழையது போய்விட்டது, தவணை தவறினால் கேட்கக்கூடியது 12-ல் மிச்சம் உள்ள 8 லட்சமும் வட்டியும்தான். 1959-ல் யூனியன் ஆஃப் இந்தியா எதிர் கிஷோரிலால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் செய்தது: சமரச ஒப்பந்தம் பழைய ஒப்பந்தத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், பழைய ஒப்பந்தத்தில் இருந்த ஆர்பிட்ரேஷன் (தனி நடுவரிடம் தகராறைத் தீர்க்கும்) பிரிவும் அதோடு சேர்ந்து போனது என்று தீர்ப்பளித்தது. மற்றது, "12 லட்சமும் குறித்த தேதிகளில் வந்து சேர்ந்தால் 18 லட்சக் கடன் தீர்ந்ததாகக் கொள்ளப்படும்." இங்கே கடனைத் தீர்ப்பது பணம் வந்து சேர்வதுதான், வாக்குறுதி அல்ல. பணம் வராவிட்டால் 18 லட்சம் அப்படியே நிற்கிறது. வந்த 4 லட்சத்தைக் கழித்து 14 கேட்கலாம்.

பேப்பர் எந்தப் பக்கமும் தெளிவாக இல்லை என்றால் சண்டை வரும். அப்போது அவர் "கேஸை நடத்திக்கோ" என்று சொன்னது உங்களுக்கு ஓர் ஆயுதம். ஒப்பந்தத்தை நிறைவேற்ற மாட்டேன் என்று ஒருவர் மறுத்துவிட்டால் மற்றவர் அதை முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 39 சொல்கிறது. வாட்ஸ்ஆப்பில் சொல்லியிருந்தால் அழித்துவிடாமல் வையுங்கள். வாயால் சொன்னார் என்றால் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, 15 நாளில் பாக்கித் தவணையைக் கட்டாவிட்டால் சமரசத்தை முடித்துக்கொள்வோம் என்று எழுதுங்கள். ஆனால் முதல் மாதிரி வாக்கியம் இருந்தால் இந்த நோட்டீஸால் பழைய கடன் உயிர்பெற்று எழாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

எந்த வழியில் போவது? புரோ நோட்டில் கையெழுத்தையே மறுத்து எதிருரை போட்டிருக்கிறார், சாட்சிகள் வலுவாக இல்லை என்றால் ரூல் 3-ல் 8 லட்சத்துக்கு டிகிரி வாங்குவது புத்திசாலித்தனம். ஆவணம் சுத்தம், எதிராளிக்குச் சொத்தும் இருக்கிறது, பேப்பரும் இரண்டாம் மாதிரி என்றால் 18-க்கே வழக்கை நடத்தலாம். இரண்டாவது வழியிலும் சமரசப் பேப்பர் வீணில்லை: "கடனே வாங்கவில்லை" என்று எதிருரையில் சொன்னவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற நிபந்தனையோடு நடந்த பேச்சுவார்த்தைக் கடிதங்களைச் சாட்சியமாகக் காட்ட முடியாது, ஆனால் முடிந்து கையெழுத்தான ஒப்பந்தத்தை அதன் மீறலுக்காகக் காட்டலாம். இரண்டு குதிரையிலும் ஒரே நேரத்தில் கால் வைக்காதீர்கள்: ஒரு மனுவில் சமரசத்தைப் பதிவுசெய்யச் சொல்லி, இன்னொரு மனுவில் அது முடிந்துபோனது என்றால் நீதிபதி இரண்டையும் நம்ப மாட்டார்.

இனி எழுதப்போகிறவர்களுக்கு டிஃபால்ட் கிளாஸ், அதாவது தவணை தவறினால் என்ன ஆகும் என்று சொல்லும் வாசகம் பற்றி. "12 லட்சம் தர வேண்டும், தவறினால் 18 லட்சம் தர வேண்டும்" என்று எழுதினால் அது தண்டம் போலத் தெரியும். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-ன்படி நியாயமான ஈட்டுத்தொகைக்கு மேல் கிடைக்காது என்று எதிர்த்தரப்பு வாதாடும். "18 லட்சம் பாக்கி என்று ஒப்புக்கொள்கிறேன். தவணைகளைத் தேதி தவறாமல் கட்டினால் 12 லட்சத்தோடு முடித்துக்கொள்வதாக வாதி சலுகை தருகிறார். எந்தத் தவணையும் 7 நாளுக்கு மேல் தாமதமானால் இந்தச் சலுகை நீங்கும், கட்டியது போக 18 லட்சத்தில் மிச்சம் உடனே வசூலிக்கத்தக்கது" என்று எழுதினால் விஷயமே மாறிவிடுகிறது. முன்பே உள்ள கடனுக்குக் கொடுத்த சலுகை போவது தண்டம் ஆகாது. பிருத்விசந்த் ராம்சந்த் சப்ளோக் வழக்கில் (1993) உச்ச நீதிமன்றம் சமரச டிகிரிகளைச் சலுகையா தண்டமா என்ற இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்த்தது. தொகை ஒன்றுதான், வாக்கியத்தின் வரிசைதான் வேறு. இதற்காக அரை மணி நேரம் கூடுதலாகச் செலவிடுவது தவறே இல்லை.

அந்தக் கிளாஸை நீங்களே கொன்றுவிடவும் கூடும். முதல் தவணையை 20 நாள் தாமதமாக வாங்கி, இரண்டாவதை 15 நாள் தாமதமாக வாங்கி, ஒரு வரியும் எழுதாமல் இருந்துவிட்டு, மூன்றாவதற்கு 8-ஆம் நாள் 18 லட்சம் கேட்டால், தேதி முக்கியமில்லை என்று நீங்களே நடந்துகொண்டீர்கள் என்பார்கள். தாமதப் பணத்தை வாங்கும்போது "உரிமைகளைக் கைவிடாமல் பெற்றுக்கொள்கிறோம்" என்று ஒரு செய்தியாவது அனுப்பிவிட வேண்டும். இன்னொன்று, டி.டி.எஸ். (வருமான வரி) பிடித்தம் வரும் தொகை என்றால் 2 லட்சம் என்பது பிடித்தத்துக்கு முன்னா பின்னா என்று எழுதுங்கள். பிடித்ததுபோக வந்த தவணையைத் தவறிய தவணை என்று ஒருவர் சொல்ல, அதிலிருந்து புது வழக்கு முளைக்கும்.

சமரசம் எங்கே உடையும்? ரூல் 3-க்குக் கீழே உள்ள விளக்கம் கறாரானது: ஒப்பந்தச் சட்டப்படி செல்லாத ஒப்பந்தம் மட்டுமல்ல, ஒருவர் விருப்பத்தின் பேரில் ரத்தாகக்கூடிய ஒப்பந்தமும் சட்டபூர்வமானதாகக் கருதப்படாது. பலவந்தம், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல் எல்லாம் இதற்குள் வரும். உண்மையான சிவில் வழக்குப் போடுவேன் என்று சொன்னது பலவந்தம் ஆகாது. போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து எழுதி வாங்கியது வேறு. சிவில் கடனுக்கு ஸ்டேஷனில் எழுதப்பட்ட பேப்பரை நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும், உள்ளே என்ன எழுதியிருந்தாலும். கட்டப் பஞ்சாயத்து ஆசாமிகளை வைத்து முடிக்கிறவர்கள் தங்கள் கையாலேயே தங்கள் ஒப்பந்தத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காப்பீட்டு நிறுவனமோ ஒப்பந்தப் பணி கொடுத்த துறையோ "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று சொல்லி வாங்கிய விவகாரங்களும் உண்டு. அந்த ரசீது கட்டாயத்தால் வாங்கப்பட்டது என்று நிரூபித்தால் மிச்சத்துக்கு வாதாடலாம் என்று நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் போகரா பாலிஃபேப் தீர்ப்பு விளக்கியது. ஆனால் வாயால் சொன்னால் போதாது. கட்டாயம் என்று சொல்பவர் கையெழுத்துப் போட்ட சில நாட்களுக்குள் எதிர்ப்பைக் கடிதத்தில் தெரிவித்திருக்க வேண்டும். இரண்டு வருடம் பணத்தை வைத்துக்கொண்டு பிறகு கட்டாயம் என்றால் யார் நம்புவார்கள்?

கிரிமினல் கேஸைக் கைவிடுவதற்கு விலை பேசுவது இன்னும் ஆபத்தானது. கொள்ளை வழக்கைக் கைவிடுகிறேன், நீ எடுத்ததன் மதிப்பைக் கொடு என்ற ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23-ன் உதாரணங்களில் ஒன்றாகவே இருக்கிறது. சமரசம் செய்துகொள்ள சட்டம் அனுமதிக்கும் குற்றங்களை மட்டும்தான் தரப்பினர் தாங்களே முடித்துக்கொள்ளலாம். மற்றவற்றில் குடும்பச் சண்டை, வணிகத் தகராறு போன்ற தனிப்பட்ட விவகாரங்களை உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் ரத்து செய்யலாம் (2012, கியான் சிங் வழக்கு). எனவே "புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று எழுதாதீர்கள். "உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டால் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுப்பேன்" என்று எழுதுங்கள். முன்னது உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுப்பது.

யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதிலும் சமரசம் சரியும். கூட்டு நிறுவனத்தில் ஒரு பங்குதாரர் தனியாக நிறுவனத்தின் கோரிக்கையைச் சமரசம் செய்யவோ விட்டுக்கொடுக்கவோ அவருக்கு மறைமுக அதிகாரம் இல்லை. கூட்டாண்மைச் சட்டம் பிரிவு 19(2) வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. எல்லாப் பங்குதாரர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள், இல்லையென்றால் அதிகாரப் பத்திரத்தைக் கேளுங்கள். கம்பெனி என்றால் போர்டு தீர்மானத்தின் நகல். வழக்கில் மைனர் தரப்பாக இருந்தால் ஆர்டர் 32 ரூல் 7-ன்படி நீதிமன்ற அனுமதி முன்கூட்டியே வேண்டும். இல்லாவிட்டால் மைனர் தவிர மற்ற எல்லோருக்கும் எதிராக அதை அவர் தரப்பு ரத்து செய்யலாம். வக்கீல் கையெழுத்துப் போட்டால் போதுமா என்றால், பைராம் பெஸ்டன்ஜி கரிவாலா வழக்கு வக்கீலுக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது, ஆனால் 2015-ல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கு கட்சிக்காரர் தெளிவாக அதிகாரம் தராமல் விட்டுக்கொடுக்கும் சலுகைகளை வக்கீல் செய்யக் கூடாது என்று இறுக்கியது. கட்சிக்காரர், வக்கீல் இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவதே வழக்கத்தில் பாதுகாப்பானது.

வழக்கே போடவில்லை, வெளியில் முடித்துக்கொள்கிறோம் என்றால் டிகிரி எங்கே கிடைக்கும்? எளிதானது லோக் அதாலத். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, இரு தரப்பும் வந்து சம்மதித்தால் அங்கே கொடுக்கும் அவார்டு (தீர்வு ஆணை), 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 21-ன்படி சிவில் டிகிரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. மிகக் குறுகிய காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மட்டும்தான் (2008, ஜலோர் சிங் வழக்கு). ஏற்கெனவே ஆர்பிட்ரேஷன் நடந்துகொண்டிருந்தால் நடுவரிடமே சம்மத அவார்டு வாங்கலாம். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் கன்சிலியேஷன் (சமரசர் உதவியோடு பேசி முடிக்கும்) வழியில் கையெழுத்தான சமரசத்துக்கும் பிரிவு 74 அதே மதிப்பைத் தருகிறது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவரை, வழக்குக்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம் (பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கு, 2022), அங்கே ஆகும் சமரசமும் அவார்டுக்குச் சமம். 2023 மத்தியஸ்தச் சட்டம் தனியார் மத்தியஸ்தருக்கும் இந்த வலுவைக் கொடுக்கும் பிரிவு 27-ஐ வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ஒரே நாளில் முழுதாக அமலுக்கு வரவில்லை, பிரிவு பிரிவாக அரசிதழில் அறிவிக்கிறார்கள், ஆகவே அதை நம்பிக் கையெழுத்துப் போடும் முன் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். நிலுவை வழக்கு நீதிமன்றத்திலிருந்து மத்தியஸ்தத்துக்குப் போனால் கதை வேறு. 2005-ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிய தமிழ்நாடு மத்தியஸ்த மையம் போன்ற இடங்களில் கையெழுத்தானாலும், ஒப்பந்தம் அனுப்பிய நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போய் ரூல் 3-ல் பதிவானால்தான் டிகிரி.

செக் விவகாரம் தனி. சமரசத் தவணைகளுக்கு வரப்போகும் தேதிகள் போட்ட செக் வாங்குவது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அந்தச் செக் திரும்பினால் புதிய 138 வழக்கு (மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-ன்படி செக் திரும்பியதற்கான கிரிமினல் வழக்கு): செக்கை 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும், வங்கி மெமோ கிடைத்து 30 நாளில் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்தில் புகார். ஆனால் பழைய செக்கின் வழக்கையும் கூடவே நடத்த முடியாது. ஜிம்பெக்ஸ் எதிர் மனோஜ் கோயல் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம், சமரசம் ஆனதும் பழைய புகார் அதற்குள் அடங்கிவிடும், மீறினால் புது செக்கின் பேரில் புது வழக்கும் சிவில் நிவாரணமும்தான் என்றது. 138 வழக்கை லோக் அதாலத்தில் முடித்திருந்தால் இன்னும் நல்லது: கிரிமினல் வழக்கிலிருந்து வந்தாலும் அந்த அவார்டை சிவில் டிகிரி போலவே நிறைவேற்றலாம் என்று கோவிந்தன் குட்டி மேனன் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

நிலம் சமரசத்தில் வந்துவிட்டால் பதிவுச் சட்டத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது. பிரிவு 17(2)(vi) சொல்வது இது: கோர்ட்டு டிகிரிக்குப் பதிவு தேவையில்லை, ஆனால் சமரச டிகிரியில் வழக்கில் சம்பந்தப்படாத அசையாச் சொத்து வந்தால் அதற்குப் பதிவு வேண்டும். பணத்துக்குப் போட்ட உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு "பணத்துக்குப் பதில் அந்த மனையை எடுத்துக்கொள்" என்று சமரச மெமோவில் எழுதினால், மனை வழக்குச் சொத்து அல்ல. முத்திரைத் தீர்வையும் பதிவும் இல்லாமல் பட்டா மாறாது, உரிமையும் வராது. ஏற்கெனவே இருக்கும் உரிமையை ஒப்புக்கொள்வதற்கும் புதிதாக உரிமை உண்டாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை பூப் சிங் வழக்கு (1995) விரிவாகச் சொல்கிறது. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு பின்னால் நினைவுக்காக எழுதிய குறிப்புக்குப் பதிவு வேண்டாம். அந்தப் பேப்பராலேயே பாகம் பிரிகிறது என்றால் வேண்டும் (1976, காலே வழக்கு). சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை இல்லாத சொத்து விவரத்தோடு டிகிரி வாங்கினால் அமீனா எதை ஒப்படைப்பார்? நிறைவேற்று நீதிமன்றம் டிகிரிக்குள் புகுந்து திருத்தாது.

முத்திரைத்தாள் பற்றி ஒரு மூடநம்பிக்கை: வாங்கி 6 மாதம் ஆன தாள் செல்லாது என்பார்கள். அப்படி ஒரு காலாவதி கிடையாது என்று நம் ஊர் வழக்கான திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாளில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பழைய தாள் என்பது ஒப்பந்தம் பிறகு எழுதிப் பழைய தேதி போட்டதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பலாம், அவ்வளவுதான். தீர்வை குறைவாக இருந்தால் அது வேறு. குறைவையும் அபராதத்தையும் கட்டும்வரை ஆவணத்தைச் சாட்சியமாகக் குறியிட மாட்டார்கள்.

கணவன் மனைவி சமரசத்தில் ஜீவனாம்சத்தை எப்போதும் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்குவது பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று தள்ளப்படக்கூடியது. குழந்தையின் பராமரிப்பு, யாரிடம் வளர்வது ஆகியவற்றை நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

டிகிரி வாங்கிய பிறகு அதை உடைக்க வழி குறுகியது. சம்மத டிகிரிமேல் அப்பீல் இல்லை (உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 96(3)), அதை ரத்து செய்யத் தனி வழக்கும் போட முடியாது (ஆர்டர் 23 ரூல் 3ஏ). அந்த டிகிரி கொடுத்த அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் சமரசமே நடக்கவில்லை என்று காட்ட வேண்டும், புஷ்பா தேவி பகத் வழக்கு (2006) அதைத்தான் சொல்கிறது. நிறைவேற்ற 12 வருடம் உண்டு. தவணை டிகிரியில் ஒவ்வொரு தவணைக்கும் அது தவறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். சம்பளத்தைப் பற்றுகிறீர்கள் என்றால் முதல் 1,000 ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. வங்கிக் கணக்கோ வாடகை வரும் கடையோ இருந்தால் அதிலிருந்து தொடங்குவது வேகம், எனவே சமரசம் எழுதும்போதே அவருடைய சொத்து விவரத்தை ஓர் இணைப்பாக வாங்கி வையுங்கள். சமரச டிகிரியை மீறினாலே நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். நீதிமன்றத்துக்கே உறுதிமொழி கொடுத்திருந்தால்தான் அந்த வழி திறக்கும் (1979, பாபு ராம் குப்தா வழக்கு). மெமோவில் "பிரதிவாதி இந்நீதிமன்றத்துக்கு உறுதியளிக்கிறார்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்வது அதற்காகத்தான். கடைசித் தவணை வரும்வரை கோர்ட்டில் இருக்கும் அசல் புரோ நோட்டைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு இறங்கி வந்து கூட்டு மெமோ கொடுக்கச் சம்மதித்தால் கோர்ட்டுக் கட்டணத்தைக் கேட்க மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 2017 முதல் 3 சதவீதம். 18 லட்சத்துக்கு 54,000 ரூபாய். கோர்ட்டுக் கட்டணச் சட்டத்தின் பிரிவு 69-ஏ, சமரசமாகத் தீர்ந்த வழக்குகளில் அதை முழுதாகத் திருப்பித் தரச் சொல்கிறது. நீதிமன்றம் அனுப்பாமல் தரப்பினர் தாங்களே வெளியே பேசி முடித்தால் அது பொருந்தாது என்று உயர் நீதிமன்றப் பதிவகம் உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடியது, எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம், தானாக முடித்துக்கொண்டவருக்கும் அது உண்டு என்றது. கூட்டு மெமோவிலேயே ஒரு பத்தியாக இந்தக் கோரிக்கையைச் சேர்த்துவிட்டால் தனி மனு போட வேண்டியதில்லை.